ஒட்டிய கண்ணிமை முடியை வீட்டில் கழுவுவது எவ்வாறு?

கேள்வி (நல்லூர்): தங்கையின் திருமணத்துக்காக இமைகளில் செயற்கை முடி ஒட்டுவித்தேன். நல்லெண்ணெய் வைத்து முழுகும் வழக்கமுள்ள நான் இதை எவ்வாறு பேணுவது?

பதில் (கோண்டாவில்): ஒட்டப் பயன்படும் சயனோஅக்ரிலேட் பசையை எண்ணெய் தளர்த்திவிடக்கூடும் என்பதால், முழுகும் நாளில் அது நெற்றியிலிருந்து வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. எண்ணெய் கலவாத, இமைக்கென்றே விற்கப்படும் நுரையை மென்மையான தூரிகையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வேரிலிருந்து நுனி நோக்கித் தினமும் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் முடியில் சிக்கி இழுக்கும்.

பதில் (சுன்னாகம்): நமது கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதி (கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும்). ஆகையால் இறுதியாகச் சுத்திகரித்த குடிநீரால் அலசுவது நல்லது.

பதில் (மானிப்பாய்): பசை விட்டுவிடுமென்று பயந்து கழுவாமலே இருப்பதுதான் கூடாதது, அழுக்கும் கண்மையும் சேர்ந்து இமை விளிம்பில் அழற்சி உண்டாகும். சிவந்து கடித்தால், முடியைப் பிய்க்காமல் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.