மறு: இரைப்பைச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு விடும் நரம்புச்செல் – சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

நம் அகராதிக்காக, ஆங்கிலத்தில் 'நைட்ரெர்ஜிக் நியூரான்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இன்று மதியம்தான் ஒருசேரப் படித்தேன். நேற்று தச்சநல்லூரில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. அதற்கப்புறம் மடல் படிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் அந்தச் சாப்பாடுதான் இப்போது கைகொடுக்கிறது.

பந்தியில் உட்காரும்போது வெறும் வயிறு. காலி இரைப்பைக்குள் 100 மில்லிகூட இருக்காது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயுமாக மூன்று தடவை சொதி ஊற்றிச் சாப்பிட்டு எழும்போது 1 லிட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும். அப்படியும் உள்ளழுத்தம் அவ்வளவாக ஏறுவதில்லை. கவளம் இறங்க இறங்க மேல் இரைப்பையின் தசை இளகி இடம் கொடுக்கிறது. வேகஸ் நரம்பு மூளையிலிருந்து சேதி கொண்டுவர, தசை அடுக்குகளுக்கு நடுவே பின்னிக்கிடக்கும் அவர்பாக் நரம்பு வலைப்பின்னலின் சில செல்கள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன; தசை இளகுகிறது. பக்கத்து இலைக்காரர், "இஞ்சித் துவையல்தான் இடம் பண்ணிக் கொடுக்கு" என்றார். நான் மறுக்கவில்லை. பந்தியில் மறுக்கக் கூடாது.

சரி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> நைட்ரிக் ஆக்சைடு சுரப்பு நரம்பணு

மதுரை ஐயா மன்னிக்க வேண்டும். இரைப்பையில் 'சுரப்பு' என்றாலே அமிலச் சுரப்பு என்றுதான் மாணவர்கள் படிப்பார்கள். சுரப்பி வேறு, இது வேறு. இன்னொன்று, அசெட்டைல்கோலின் என்ற நரம்புத்தூது வேதி செல்லுக்குள் சிறு பைகளில் கட்டிவைக்கப்பட்டுக் காத்திருக்கும். நைட்ரிக் ஆக்சைடுக்குக் கிட்டங்கியே கிடையாது. தேவைப்படும் நேரத்தில் ஒரு நொதி ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதை ஆக்குகிறது. (கூடவே பிறப்பது சிட்ருலின். தர்பூசணியிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் தர்பூசணியின் தாவரப் பெயரிலிருந்தே வைத்த பெயர் அது. பெயர் வைப்பதில் அவர்கள் நம்மைவிடச் சுலபமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.) ஆக்கியதும் அது செல்சவ்வைக் கடந்து பக்கத்துத் தசைக்குள் பரவிவிடும். ஆயுள் சில நொடிகள்தான்.

'அணு'வா 'உயிர்மி'யா 'செல்'லா என்ற சண்டை போன இழையிலேயே முடிந்தது. செல்.

> தளர்த்து நரம்புச்செல்

இதைப் படித்ததும் பேருந்து நிலையச் சுவர் விளம்பரம்தான் கண்முன் வந்தது. 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை லாட்ஜ் வைத்தியர்கள் என்றைக்கோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இனி நம் கைக்குத் திரும்பாது. 'இளக்கு' என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. இதே இரைப்பைச் சுவரில் தசையை இளக்க வேறு வேதிகளும் உண்டு. மூளையிலும் நைட்ரிக் ஆக்சைடு விடும் செல்கள் இருக்கின்றன. அங்கே அவற்றின் வேலை தசையை இளக்குவது மட்டுமில்லை. ஆகவே செய்யும் வேலையை வைத்துப் பெயரிட முடியாது. எதைக் கொண்டு சேதி சொல்கிறது என்பதை வைத்துத்தான் பெயரிட வேண்டும்.

> வாயு நரம்பு

அக்கா, உண்மையிலேயே அது வாயுதான். ஆனால் எங்க ஊரில் இதைச் சொன்னால் ஆச்சி பெருங்காயத்தைக் கரைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்குப் பொதுவாக 'எர்ஜிக்' என்ற வால் உண்டு. 1933இல் உடலியலாளர் ஹென்றி டேல், எந்த வேதியை விடுகின்றன என்பதை வைத்து நரம்பிழைகளைக் கோலினெர்ஜிக், அட்ரினெர்ஜிக் என்று பிரித்தபோது ஒட்டியது. கிரேக்கத்தில் 'எர்கான்' என்றால் வேலை. அதற்கு நேராக 'வினை' போட்டால் வேதிவினையோடு மோதுகிறது. 'தொழில்' போட்டால் ஆலை மாதிரி இருக்கிறது. 'ஆளி' போட்டுப் பார்த்தேன், 'நைட்ரிக்காளி' என்று வந்து நின்றாள். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

என் பரிந்துரை 'விடு'. மூச்சு விடுகிறோம், சேர்த்துவைத்து விடுவதில்லை. அதைவிட, தூது விடுகிறோம். தூது இலக்கியத்தில் விடுகிற பொருள் பத்து என்பார்கள்: கிளி, அன்னம், நெஞ்சு, வண்டு என்று போகும் அந்தப் பட்டியலில் தென்றலும் ஒன்று. பொதிகைக்காற்றைத் தூதுவிட்ட மொழிக்கு, வாயு ஒன்று சேதி கொண்டுபோகும் என்பது புதிதில்லை. உடலில் அப்படி ஒன்று நடக்கிறது என்று காட்டியதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் கொடுத்தார்கள்.

முன்பாதிக்கு 'நைட்ரிக்' வேண்டாம். எங்க பஜாரில் நகைப் பட்டறைக்காரரைக் கேட்டால் திராவகம் என்பார். ஏற்கனவே அமிலம் இருக்கும் இரைப்பையில் இன்னொரு அமிலத்தை நாமே ஊற்றின மாதிரி ஆகிவிடும். 'நைட்ரோ' போதும். வெடிமருந்து நினைவுக்கு வரும் என்பீர்கள், வரட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் உடலுக்குள் தருவதும் இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான்.

ஆக: நைட்ரோவிடு நரம்புச்செல். இதே அச்சில் கோலின்விடு, டோபமின்விடு, செரட்டோனின்விடு.

பாளையங்கோட்டையிலிருந்து

——

தம்பி, சொதியை வச்சே பாடம் நடத்திட்டிய. சொல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கேன். கோலினெர்ஜிக் ஏற்பின்னும் சொல்லுதாகல்லா? ஏற்பி வாங்குத எடம். அது எங்க விடுது? 'கோலின்விடு ஏற்பி'ன்னா, தபால் வாங்குதவனைத் தபால்காரன்னு சொன்ன கதையால்லா இருக்கு.

அம்பாசமுத்திரத்திலிருந்து

——

அண்ணாச்சி, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். டேல் அந்தச் சொல்லை நரம்பிழைக்குத்தான் வைத்தார்; ஏற்பிக்கு ஒட்டியது பிற்பாடு. தமிழில் அங்கே வாலே தேவையில்லை, 'கோலின் ஏற்பி' என்றால் தீர்ந்தது. நம் செல்லுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. நைட்ரிக் ஆக்சைடு செல்சவ்வில் ஏற்பியைத் தேடி நிற்பதில்லை. நேரே தசைச்செல்லுக்குள் புகுந்து குவானிலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது. வாசலில் வாங்க ஆளில்லை, அடுப்பங்கரைக்கே போய்விடும் சொந்தக்காரர் மாதிரி.

அகராதிப் பதிவுக்கு ஒரு வரி எடுத்துக்காட்டும் சேர்க்கிறேன்: 'நீரிழிவு முற்றிய சிலருக்கு இரைப்பையில் நைட்ரோவிடு நரம்புச்செல்கள் குறைந்துபோகின்றன, உணவு அங்கேயே தங்கிவிடுகிறது.'

——

அப்பச் சரி. பதிஞ்சிருங்க. சுருக்கி 'நைட்ரோவிடு செல்'னு எழுதினா நடுவுல 'ச்' போடணுமா?

——

வேண்டாம் அண்ணாச்சி. வினைத்தொகை, ஒற்று மிகாது.