சினமன் டெஸ்க்டாப் ஊர்ந்து போகிறது, டைரக்ட் ரெண்டரிங் "யெஸ்" என்று காட்டியும் சிபியு கொதிக்கிறது

அச்சுக்கடை (கேள்வி)

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கி, லினக்ஸ் மிண்ட் 21.3 இயங்குதளத்தை சினமன் டெஸ்க்டாப்போடு போட்டு இரண்டு மாதமாக ஓட்டுகிறேன். ஐ5-5200யு, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கிடையாது, சிப்போடு வந்த இன்டெல் எச்டி 5500 மட்டும்தான். இங்க்ஸ்கேப்பில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில், அதனால் பெரிய விளையாட்டு எதுவும் இதில் ஓடுவதில்லை.

பிரச்சினை இதுதான். ஒரு விண்டோவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தால் மவுஸ் முன்னால் போய்விடுகிறது, விண்டோ அரை நொடி கழித்துப் பின்னாலேயே வருகிறது. மெனுவைத் திறந்தால் தவணை முறையில் விரிகிறது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேன் மாவு மில் மாதிரி சத்தம் போடுகிறது. சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் சினமன் 150, 180 சதவீதம் என்று போகிறது. நூற்றுக்கு மேல் எப்படிப் போகும் என்பதே எனக்குப் புரியவில்லை.

இணையத்தில் தேடி, கிராபிக்ஸ் விவரம் காட்டும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். "டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்" என்று வருகிறது, அப்படியென்றால் கிராபிக்ஸ் சரியாகத்தானே இருக்கிறது? ராம் கூட்டவேண்டுமா, வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடவேண்டுமா, இல்லை லேப்டாப்பையே தலைமுழுகவேண்டுமா? வைகாசி முகூர்த்த ஆர்டர்கள் வரிசையில் நிற்கின்றன, சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

இதற்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று: திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்வதில்லை. பழைய கீபோர்டு, விசை செத்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

சும்மாஇருப்பவன்

சினமன் கனமானது, அவ்வளவுதான். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப்பைப் போட்டு, அதிலும் கம்போசிட்டிங்கை (விண்டோக்களை அடுக்கி ஒரே படமாக்கும் வேலை) அணைத்துவிடுங்கள், பறக்கும். சினமனை விட மனசில்லை என்றால் எஃபெக்ட்ஸ் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள், அப்புறம் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய், முழுத்திரை விண்டோக்களுக்குக் கம்போசிட்டிங்கை நிறுத்தும் பொத்தானை ஆன் செய்துகொள்ளுங்கள். என் பழைய மெஷினில் இப்படித்தான் ஓட்டினேன்.

பழைய பெங்குவின்

அவசரப்பட்டு எதையும் மாற்றவேண்டாம். எச்டி 5500-க்கு சினமன் ஒரு சுமையே இல்லை. என் கண்ணில் பட்டது நீங்கள் "சம்பந்தமில்லை" என்று சொன்ன வரிதான். வெளிச்ச விசையும் டெஸ்க்டாப் மந்தமும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

டைரக்ட் ரெண்டரிங் யெஸ் என்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் இங்கே நிறையப் பேர், நானும் ஒரு காலத்தில் ஏமாந்தேன். நிரல், திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரை இடையில் வைக்காமல் நேரடியாக வரைகிறது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். வரைவது கிராபிக்ஸ் சிப்பா சிபியுவா என்று அந்த வரி சொல்லவே சொல்லாது.

எனவே மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை பெரிய எழுத்து "பி" சேர்த்து ஓட்டி, அதில் ரெண்டரர் ஸ்ட்ரிங், அக்செலரேட்டட் என்ற இரண்டு வரிகளில் என்ன வருகிறது? எக்ஸ்ரேண்டர் கட்டளை போட்டால் திரைக்கு என்ன பெயர் காட்டுகிறது? மெஷின் எழும்போது கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) கொடுத்த சொற்கள் ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்ற கோப்பில் இருக்கும், அதைக் கேட் கட்டளையால் காட்டச் சொன்னால் என்ன வருகிறது? ஃபோனில் தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறேன், கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, லாகின் ஆனதும் மேலே ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கிறதா?

அச்சுக்கடை

அறிவிப்பு தினமும் வருகிறது! ஏதோ அப்டேட் விளம்பரம் என்று நினைத்து, படிக்காமலே மூடிவிடுவேன். இன்றைக்குத்தான் நின்று படித்தேன், வன்பொருள் முடுக்கம் இல்லாமல் சினமன் ஓடுகிறது, சிபியு பயன்பாடு அதிகமாக இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் கேட்டவை:

ரெண்டரர் ஸ்ட்ரிங்: எல்எல்விஎம்பைப் (எல்எல்விஎம் 15.0.7, 256 பிட்ஸ்)
அக்செலரேட்டட்: நோ

எக்ஸ்ரேண்டர் முதலில் காமா அளவு கிடைக்கவில்லை என்று ஒரு பிழைச் செய்தி தருகிறது, அப்புறம் திரையின் பெயர் வெறும் "டிஃபால்ட்". சிஎம்டிலைனில் கடைசியாக மூன்று சொற்கள்: கொயட், ஸ்பிளாஷ், நோமோட்செட்.

256 பிட்ஸ் என்று இருக்கிறதே, நல்ல கிராபிக்ஸ்தானே?

பழைய பெங்குவின்

அந்த 256 உங்கள் சிபியுவின் வெக்டர் அகலம், கிராபிக்ஸோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆள் பிடிபட்டான், கடைசியில் இருக்கும் நோமோட்செட்தான்.

அந்தச் சொல்லைக் கண்டால் கெர்னல் திரை முறையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளாது. உங்கள் இன்டெல் சிப்புக்கான ஐ915 டிரைவர் தன்னை முடக்கிக்கொள்ளும். அதன் பிறகு எக்ஸ் சர்வர், மெஷின் எழும்போது ஃபர்ம்வேர் விட்டுப்போன ஒரு சாதாரண ஃப்ரேம்பஃபரில் (திரைப் படம் இருக்கும் நினைவிடம்) படம் போட்டுக்கொண்டிருக்கும், அதனால்தான் திரைக்குப் பெயர்கூடத் தெரியாமல் டிஃபால்ட் என்கிறது. பின்விளக்கைக் கட்டுப்படுத்துவதும் அதே ஐ915-தான். உங்கள் விசை சாகவில்லை, அது கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. எச்டிஎம்ஐ-யில் வேறு திரை செருகியிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

கிராபிக்ஸ் வரைய உதவும் மீசா நூலகம் தேடிப்பார்த்து, சிப் எதுவும் கிடைக்காததால் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வரைவிக்கு மாறிவிடுகிறது. கிராபிக்ஸ் சிப் செய்யவேண்டியதை எல்லாம் அது சிபியுவை வைத்துச் செய்யும். ஏன் இவ்வளவு மந்தம் என்று புரிய கம்போசிட்டிங் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு விண்டோவும் நேராகத் திரையில் வரையும், மாறிய இடத்தை மட்டும் வரைந்தால் போதும். கம்போசிட்டர் வந்த பிறகு ஒவ்வொரு விண்டோவும் திரைக்கு வெளியே தனக்கென ஒரு தாளில் வரைகிறது, கம்போசிட்டர் எல்லாத் தாள்களையும் எடுத்து, நிழல், ஒளிபுகு தன்மை எல்லாம் சேர்த்து அடுக்கி ஒரே படமாக்குகிறது. உங்கள் திரை 1366×768 என்றால் ஏறக்குறைய 10.5 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், நொடிக்கு 60 தடவை. முழுத்திரையும் மாறும்போது கடைசிப் படத்தை எழுத மட்டுமே நொடிக்கு 250 எம்பி ஆகிறது, கீழே இருக்கும் தாள்களைப் படித்துக் கலப்பது தனி. சிப்புக்கு இது கொட்டாவி விடும் வேலை, சிபியுவுக்கு உயிர் போகும். டாப்பில் ஒரு த்ரெட் (சிபியு ஒரே நேரத்தில் ஓட்டும் ஒரு வேலை வரிசை) நூறு என்று கணக்கு. உங்கள் சிபியுவில் 4 த்ரெட், ஆகவே 400 வரை போகும், 180 என்றால் இரண்டு த்ரெட் கிட்டத்தட்ட முழுசாகப் போகிறது.

ஒரு பழங்கதை. 2006-ல் காம்பிஸ் என்ற கம்போசிட்டர் வந்த புதிதில் டெஸ்க்டாப்பைக் கனசதுரமாகச் சுழற்றிக் காட்டி நண்பர்களை லினக்ஸுக்கு இழுத்த கூட்டத்தில் நானும் உண்டு. அப்போது முடுக்கம் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஓடவே ஓடாது, உடனே தெரிந்துவிடும். க்னோம் 3 டெஸ்க்டாப்பிலும் ஆரம்பத்தில் முடுக்கம் இல்லாதவர்களுக்கு எளிய மாற்று டெஸ்க்டாப் ஒன்று வந்தது, 2013-ல் 3.8 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள், எல்எல்விஎம்பைப் இருக்கிறதே என்ற தைரியத்தில். இப்போது எல்லாம் "ஓடுகிறது", அதனால் நோய் வெளியே தெரிவதில்லை. எக்ஸ்எஃப்சிஇ-யில் கம்போசிட்டிங்கை அணைத்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும், மந்தம் போயிருக்கும், யூடியூப் பார்த்தால் மட்டும் ஃபேன் கத்தும்.

சரி, வைத்தியம். நேராக கிரப் (லினக்ஸை எழுப்பும் நிரல்) கோப்பில் கைவைக்கவேண்டாம், முதலில் ஒரு தடவைக்கு மட்டும் சோதியுங்கள். மெஷின் எழும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் அழுத்தினால் கிரப் மெனு வரும், "இ" தட்டுங்கள், லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் நோமோட்செட்டை மட்டும் அழித்துவிட்டு எஃப்10. திரை கறுப்பானால் பயப்படவேண்டாம், ஆஃப் செய்து மறுபடி எழுப்பினால் பழையபடி வந்துவிடும். நன்றாக வந்தால் மட்டும் இடிசி அடைவில் டிஃபால்ட்டுக்குள் இருக்கும் கிரப் கோப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சுடோ போட்டு அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் ஒன்றும் மாறாது.

அந்தச் சொல்லை யார் சேர்த்தது?

வால்நட்சத்திரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் எல்எல்விஎம்பைப்தான் வருகிறது, ஆனால் நோமோட்செட் இல்லை. தனி கார்டு, தயாரிப்பாளரின் டிரைவரை நேற்று நிறுவினேன், செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பு) ஆனில் இருக்கிறது. ரீபூட்டில் ஒரு நீலத் திரை வந்தது, பயந்து கன்டினியூ கொடுத்துவிட்டேன்.

பழைய பெங்குவின்

வால்நட்சத்திரம், அந்த நீலத் திரைதான் உங்கள் டிரைவரின் சாவியைப் பதிவு செய்யும் இடம். தாண்டிப் போனதால் கையொப்பத்தை நம்பாமல் கெர்னல் டிரைவரை ஏற்றவில்லை. டிரைவரை மறுபடி நிறுவி, கேட்கும் கடவுச்சொல்லை எழுதி வைத்துக்கொண்டு, நீலத் திரையில் என்ரோல் மோக் தேர்ந்தெடுங்கள். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே குழம்பிவிடும்.

அச்சுக்கடை

சேர்த்தது அக்கா மகன், மிண்ட் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். ஃபோன் செய்து கேட்டேன். பென்டிரைவிலிருந்து எழுப்பும்போது திரை கறுத்துப்போனதாம், ஏதோ வீடியோ பார்த்து அந்தச் சொல்லைச் சேர்த்தானாம், நிறுவி முடித்த பிறகும் "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று கிரப் கோப்பிலும் எழுதி வைத்தானாம்!

நீங்கள் சொன்னபடி எஃப்10 அழுத்தினேன். நாலைந்து நொடி கறுப்பு, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, அப்புறம் வந்தது. இப்போது ரெண்டரர் வரியில் இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 5500 என்றே வருகிறது, அக்செலரேட்டட் யெஸ். டாப்பில் சினமன் 3, 4-க்கு மேல் போகவில்லை. வெளிச்ச விசை உயிரோடு இருக்கிறது. கோப்பிலும் மாற்றி, அப்டேட்-கிரப் ஓட்டிவிட்டேன்.

ஒன்றுதான் பாக்கி. வீடியோவை முழுத்திரையில் போட்டால், காட்சி நகரும்போது குறுக்கே ஒரு கோடு, படம் இரண்டாகக் கிழிந்த மாதிரி. சின்ன விண்டோவில் அப்படி இல்லை. டியர்ஃப்ரீ என்று ஒரு கோப்பு எழுதச் சொல்லி ஒரு பக்கத்தில் பார்த்தேன், எழுதட்டுமா?

பழைய பெங்குவின்

எழுதாதீர்கள். அந்தக் கோப்பு உங்களைப் பழைய இன்டெல் எக்ஸ் டிரைவருக்கு மாற்றிவிடும், இப்போது ஓடுவது மோட்செட்டிங் டிரைவர், அதுவே நல்லது. முழுத்திரையில் மட்டும் கிழிகிறது என்றால், மேலே ஒருவர் சொன்ன அந்த ஜெனரல் பொத்தானை ஆன் செய்தீர்களா? முழுத்திரையில் கம்போசிட்டர் விலகிக்கொண்டால், திரை புதுப்பிக்கும் நேரத்துக்குக் காத்திருந்து படத்தை மாற்ற யாரும் இல்லை.

சும்மாஇருப்பவன்

அது என் வேலைதான், மன்னிக்கவும் அக்கா. ஆஃப் செய்துவிடுங்கள். நானும் இப்போதுதான் என் பழைய மெஷினில் சிஎம்டிலைன் பார்த்தேன். நோமோட்செட் இருக்கிறது. நாலு வருஷமாக.

அச்சுக்கடை

ஆஃப் செய்தேன், கோடு போய்விட்டது. இரண்டு பேருக்கும் நன்றி. ஃபேன் நின்றதில் பக்கத்துக் கடை ரேடியோ இப்போதுதான் காதில் விழுகிறது.