நீண்ட பைக் பயணத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன, ஆலோசனை தேவை

வணக்கம். நெடுந்தூரம் பைக் ஓட்டும்போது, இரண்டு மணி நேரம் கடந்ததும் என் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. வண்டியை நிறுத்திக் கையை உதறினால் சரியாகி, மீண்டும் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே திரும்பிவிடுகிறது. உள்ளங்கையின் ஓரமாகச் செல்லும் அல்னர் நரம்பு, கைப்பிடியின் அழுத்தத்தாலும் எஞ்சின் அதிர்வாலும் பாதிக்கப்படுவதால் இவ்வாறு நேரலாம் என்று அறிகிறேன். ஆக்சிலரேட்டரை இறுகப் பிடிக்காமல், தொடைகளால் டேங்கை அணைத்து, உடலின் எடையைக் கைகளில் சாய்க்காமல் ஓட்டியதில் ஓரளவு குறைந்தது. ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் பொருத்துவதா, ஜெல் வைத்த கையுறையே போதுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. ரைசர் பொருத்தினால் கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் நீளம் போதாமல் இழுபடுமோ என்ற அச்சமும் உண்டு. இவற்றைப் பயன்படுத்தியவர்கள், எதை முதலில் செய்யலாம் என்று கூற வேண்டுகிறேன்.