45 வயதில் ஜார்ஜ் ஃபோர்மேன் ஜெயித்தது அதிர்ஷ்டமா?

கரிசல்காடு கேட்டது:

1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்த முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மேன் குத்துச்சண்டையை நேற்று ராத்திரி முழுசாகப் பார்த்தேன். நான் அலி பக்கம்தான், ஆனாலும் எட்டாவது ரவுண்டில் அந்தப் பெரிய உடம்பு அரைவட்டம் சுற்றித் தரையில் விழுந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அப்புறம் இந்த மனிதர் என்ன ஆனார் என்று தேடினால், இருபது வருடம் கழித்து 45 வயதில் மறுபடியும் ஹெவிவெயிட் உலக சாம்பியன் என்று போட்டிருக்கிறது! 25 வயதிலேயே எட்டு ரவுண்டுக்குள் மூச்சு வாங்கிப் போனவரால் 45 வயதில் இது எப்படி முடிந்தது? எதிரே நின்ற மைக்கேல் மூரர் சுமாரான ஆளா, இல்லை ஏதோ ஒரு குத்து அதிர்ஷ்டத்தில் பட்டுவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்கயிறு:

மூரர் சுமாரான ஆள் இல்லை நண்பரே. அதே 1994 ஏப்ரலில் ஹோலிஃபீல்டை வென்று பட்டம் வாங்கியவர், அதுவரை ஒரு சண்டையிலும் தோற்காதவர், வயது 26, போதாததற்கு இடதுகைக்காரர்.

மூச்சு விஷயத்துக்கு விடை கின்ஷாசாவுக்கு முன்னாலேயே இருக்கிறது. 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை விழவைத்துப் பட்டம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் ரோமன், ஒரு ரவுண்டு. கராகஸில் கென் நார்டன், இரண்டு ரவுண்டு. ஆக, அலியைச் சந்திப்பதற்கு முன் உலகப் பட்டத்துக்காக அவர் ஆடியதே மொத்தம் ஐந்து ரவுண்டுதான், அதுவும் முழுசாக இல்லை. எல்லாரும் சீக்கிரம் விழுந்துவிட்டதால் பலத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடியை வாங்க வாங்க, இவர் அந்த வெக்கையில் தன்னைத்தானே காலி செய்துகொண்டார்.

திரும்பி வந்த ஃபோர்மேன் வேறு ஆள். இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இடதுகையை நேராக நீட்டிக் குத்தும் ஜாபை மட்டும் போட்டுக்கொண்டே இருப்பார், ரவுண்டுக்கு நடுவே ஸ்டூலில்கூட உட்கார மாட்டார். மூரர் சண்டையில் ஒன்பது ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் பின்தங்கியிருந்தார். ஆனால் அந்த ஒன்பது ரவுண்டும் மூரரைத் தன் வலதுகைக்கு நேராக நிற்கப் பழக்கியிருந்தார். அங்கே நிற்காதே, நகரு என்று மூரரின் மூலையிலிருந்து அவருடைய பயிற்சியாளர் டெடி அட்லஸ் சொல்லிக்கொண்டே இருந்தும் அவர் நகரவில்லை. பத்தாவதில் தாடையில் ஒரு குட்டையான வலதுகைக் குத்து, கதை முடிந்தது. நாற்பது நிமிடம் பொறுமையாக வலை விரித்தவன் மீன் பிடித்தால் அதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தெற்குவாசல்:

அந்தக் குத்து அதிர்ஷ்டமில்லை, சரி. ஆனால் அந்த ரிங்குக்குள் அவர் எப்படி வந்தார் என்பதையும் பேச வேண்டும் அண்ணா. 1977இல் சான் ஹுவானில் ஜிம்மி யங்கிடம் தோற்று, உடை மாற்றும் அறையில் கடவுளை உணர்ந்ததாகச் சொல்லி, சண்டையை விட்டு ஹூஸ்டனில் போதகரானார். பிள்ளைகளுக்காக அங்கே அவர் நடத்திய மையத்துக்குப் பணம் தேவைப்பட்டதுதான் 1987இல் திரும்பி வந்ததற்குக் காரணம். இதை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் திரும்பி வந்தபின் அடித்தவர்களில் பலர் பெயர் தெரியாதவர்கள். 1991இல் ஹோலிஃபீல்டிடம் பன்னிரண்டு ரவுண்டும் நின்று தோற்றார், அந்தத் தோல்வி பெருமைக்குரியது. 1993இல் டாமி மாரிசனிடமும் தோற்றார். அதற்குப் பிறகு ஒரு சண்டைகூட ஆடாமல் நேராக மூரரோடு பட்டப் போட்டி என்றால் மற்றவர்களுக்கு அது நியாயமா? பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஏ முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, நீதிமன்றம் போய்த்தான் வாங்கினார். 1995இல் ஆக்ஸல் ஷுல்ஸிடம் அவர் தோற்றுவிட்டார் என்றுதான் பார்த்த பலரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், மறுபோட்டிக்கும் அவர் வரவில்லை. அவரைக் காட்டி நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாம் திரும்ப ரிங் ஏறுவது எனக்குப் பயமாக இருக்கிறது. தலையில் அடி வாங்குகிற தொழில் இது.

நாலாம்கயிறு:

தம்பி சொல்வதில் ஷுல்ஸ் விஷயத்தை நானும் ஒத்துக்கொள்கிறேன், பயமும் நியாயமானது. ஆனாலும் 81 சண்டையில் 76 வெற்றி, அதில் 68 நாக்அவுட் என்பது பெயர் தெரியாதவர்களை அடித்து மட்டும் வருகிற கணக்கில்லை.

கேட்டவருக்கு இன்னொன்று: மூரரோடு சண்டை போட்ட அன்று அவர் கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுசரைத்தான் போட்டிருந்தார். கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி அன்று இவருடைய மூலையில் நின்றார். மூரர் விழுந்து எண்ணி முடித்ததும் ஃபோர்மேன் குதிக்கவில்லை, தன் மூலைக்குப் போய் மண்டியிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

கரிசல்காடு:

இரண்டு பேருக்கும் நன்றி. அந்த ஐந்து ரவுண்டு கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இன்று ராத்திரி மூரர் சண்டையை முதல் ரவுண்டிலிருந்து பார்க்கப் போகிறேன், இந்தத் தடவை மூரரின் காலை மட்டும் கவனித்துக்கொண்டு.

நாலாம்கயிறு:

அதை முடித்துவிட்டு 1976இல் ரான் லைலோடு நடந்ததையும் பாருங்கள். ஐந்து ரவுண்டுதான், ஆனால் இரண்டு பேரும் மாறி மாறி விழுந்து எழுவார்கள்.