டில்லியில் ஒரே ஒரு பகல்: போய் வந்தவர்கள் சொல்கிறார்கள்

திருச்சிக்காரர்

காசிக்கோ ஹரித்வாருக்கோ வைஷ்ணோதேவிக்கோ கிளம்பும் நம் ஊர்க் கூட்டத்துக்கு டில்லி பெரும்பாலும் வண்டி மாறுகிற இடம்தான். காலையில் ஒரு ரயிலை விட்டு இறங்கினால் அடுத்த ரயில் ராத்திரி. நடுவில் முழுசாக ஒரு பகல் கையில் நிற்கும். அதை வெயிட்டிங் ஹாலில் படுத்தே கழித்தவர்களும் உண்டு, ஏழெட்டு இடம் ஓடிவிட்டு எதைப் பார்த்தோம் என்றே நினைவில்லாமல் திரும்பியவர்களும் உண்டு. அவரவர் அனுபவத்தைச் சொன்னால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

முதலில் கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை என்றால் செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் மூன்றுமே மூடியிருக்கும். குதுப்மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் விடுமுறை கிடையாது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்மா மசூதியில் தொழுகை, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்த நேரம் உள்ளே விடமாட்டார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையை அடைத்துவிடுவார்கள். குடியரசு தினம் நெருங்கினால் இந்தியா கேட் பக்கம் ஒத்திகை, பாதை மாற்றம், கெடுபிடி.

நாங்கள் இறங்கியது புது டில்லி ஸ்டேஷன். பெட்டிகளை க்ளோக் ரூமில் போட்டோம். பூட்டு இல்லாத எதையும் அங்கே வாங்கமாட்டார்கள். முறுக்கும் அதிரசமும் இருந்த கட்டைப்பைக்கு எங்கே பூட்டுப் போடுவது? அது நாள் முழுக்க எங்கள் கூடவே டில்லியைச் சுற்றிப் பார்த்தது. அஜ்மீரி கேட் பக்கம் வெளியே வந்தால் மெட்ரோ, யெல்லோ லைனில் இரண்டாவது ஸ்டேஷன் சாந்தினி சவுக், பழைய டில்லியின் கடைத்தெரு. வெயில் ஏறும் முன்பே ஜும்மா மசூதிக்குப் போய்விட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும், பெரிய முற்றம், அத்தனையும் கல் பாவிய தரை. கோடையில் மதியம் போகிறவர்கள் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை என் கணக்கில் வெளியே நின்று பார்க்கத்தான் பிரமாதம். 1857 கிளர்ச்சிக்கு அப்புறம் வெள்ளைக்காரர்கள் உள்ளே இருந்த அரண்மனையில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டுச் சிப்பாய்களுக்குக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். முகலாயர் அமர்ந்த மயிலாசனம் அதற்கு வெகு முன்பே, 1739-ல், பாரசீக மன்னன் நாதிர் ஷாவோடு போய்விட்டது. எனக்குப் பிடித்தது எதிரே இருக்கும் சிவப்பு ஜைனக் கோயில். அதற்குள் பறவைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி நடக்கிறது. காற்றாடி நூல் அறுத்த புறா, ஃபேனில் அடிபட்ட கிளி எல்லாம் சின்னச் சின்னக் கூண்டுகளில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பருந்து மாதிரி அசைவப் பறவைகளுக்கு வைத்தியம் உண்டு, ஆனால் அட்மிஷன் கிடையாதாம்! மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதோடு நிறுத்திக்கொண்டோம். பழைய டில்லி மட்டும்தான். குதுப்பும் பார்க்கவில்லை, இந்தியா கேட்டும் பார்க்கவில்லை. டில்லிக்குள் பல டில்லி இருக்கிறது. ஒரு பகலில் அதில் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று இன்றும் நினைக்கிறேன்.

கரோல்பாக்வாசி

தம்பி சொன்னது சரி. ஆனால் ஒன்று என்பதை இரண்டாக்கலாம், யெல்லோ லைனை விட்டு இறங்காமல் இருந்தால். என் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களை நான் இப்படித்தான் அனுப்புகிறேன். விடிந்ததும் முதலில் குதுப்மினார். பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் பஸ்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து இறங்கிவிடுவார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும். மெட்ரோ ஸ்டேஷனுக்கும் குதுப் என்றுதான் பெயர், ஆனால் இறங்கினதும் கோபுரம் நிற்காது. ஆட்டோ பிடிக்க வேண்டும்.

கோபுரம் 72.5 மீட்டர் உயரம். மேலே ஏறலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. 1981-ல் உள்ளே விளக்கு அணைந்து படிக்கட்டில் நெரிசலாகி நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அன்றோடு கதவைச் சாத்திவிட்டார்கள். பக்கத்திலேயே துருப்பிடிக்காத இரும்புத் தூண். முதுகைத் தூணில் ஒட்டிக்கொண்டு இரு கையையும் பின்னால் கோத்துப் பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் வாலிபத்தில் செய்திருக்கிறேன், விரல் தொடவில்லை. இப்போது சுற்றிலும் வேலி. அப்படியே பின்பக்கம் போய் அலாவுதீன் கில்ஜியின் பாதிக் கோபுரத்தையும் பாருங்கள். குதுப்பைப் போல இரண்டு மடங்கு கட்டுவதாகத் திட்டம், முதல் தளத்தோடு நின்றுவிட்டது. பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போவதில்லை.

அப்புறம் மெட்ரோ ஏறி நேராகச் சாந்தினி சவுக். திரும்பும்போது ஒரு விஷயம்: மாலை ஆறு மணிக்கு ராஜீவ் சவுக்கில் வண்டி மாறுகிற மாதிரி மட்டும் திட்டம் போடாதீர்கள். நீங்கள் ஏற வேண்டாம், கூட்டமே ஏற்றிவிடும், இறங்குவதுதான் கஷ்டம். பெண்கள் முதல் பெட்டிக்குப் போய்விடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு வாருங்கள். நம் சுவாமிநாதர்தான். எங்கள் தலைமுறைக்கு டில்லியில் ஊர் ஞாபகம் என்றால் அந்தக் குன்றுதான்.

மதுரை மீனா அக்கா

முட்டி வலிக்காரர்களை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. என்னோடு வந்தது அம்மா, எழுபதைத் தாண்டியவர். நாங்கள் வந்த வண்டி ஹஜ்ரத் நிஜாமுதீனில் நின்றது. மதுரை சம்பர்க் கிராந்தி, திருக்குறள், சென்னை ராஜதானி எல்லாம் அங்கேதான். அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் முதலிலேயே பழைய டில்லிக்கு ஓட வேண்டாம், ஹுமாயூன் கல்லறை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆட்டோவில் உட்கார்ந்ததும் வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேரே பெரிய கும்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். வலது கைப்பக்கம் திரும்பினால் ஈசா கான் என்ற ஆப்கானியப் பிரபுவின் எண்கோணக் கல்லறை. 1547-ல் கட்டியது, ஹுமாயூன் அப்போது உயிரோடுதான் இருந்தார். கூட்டம் இல்லை, நிழல் உண்டு. அம்மா அங்கேயே உட்கார்ந்துகொண்டார். பெரிய கல்லறையின் மேடைக்குப் படி செங்குத்து, முட்டி வலி இருப்பவர்களை ஏற்றாதீர்கள். ஹுமாயூன் செத்ததே 1556-ல் பழைய கோட்டை நூலகப் படியில் தவறி விழுந்துதான் என்று அம்மாவிடம் சொன்னேன். "அதனாலதான் நான் ஏற மாட்டேன்னேன்" என்றார்.

நான் மட்டும் மேலே போய் வந்தேன். 1857-ல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் வந்து ஒளிந்ததும் பிடிபட்டதும் இங்கேதான். பக்கத்தில் சுந்தர் நர்சரி என்று ஒரு பெரிய தோட்டம், எல்லாம் சமதரை, பெரியவர்களுக்குத் தோது.

மதியச் சாப்பாட்டுக்குச் சாந்தினி சவுக் சீஸ் கஞ்ச் குருத்வாரா போனோம். சீக்கிய குரு தேக் பகதூர் 1675-ல் உயிர்விட்ட இடம். தலையை மூடிக்கொண்டு, கால் கழுவிக்கொண்டு, வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். ரொட்டி கொண்டுவருகிறவர் தட்டில் வைக்கமாட்டார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினால் உள்ளங்கையில் போடுவார். அம்மா ஒரு கையை நீட்ட, அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஜாடை காட்டியதும்தான் அம்மாவுக்குப் புரிந்தது. கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி குவித்து நீட்டினார், சுடச்சுட விழுந்தது. காசு கிடையாது. சாப்பிட்டு முடிந்ததும் அம்மா பாத்திரம் கழுவக் கிளம்பிவிட்டார், அழைத்துவர நான் பட்ட பாடு.

கிள்ளான் வாசகர்

திருச்சி அண்ணா, செங்கோட்டைக்கு உள்ளே ஒன்றுமில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டீர்கள். எங்களுக்கு டில்லி என்றாலே அந்த இடம்தான். என் தாத்தா தோட்டத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்தவர், நேதாஜி படையில் சேர்ந்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள், பெண்கள்கூட, அப்படிப் போனார்கள். 1945 நவம்பரில் அந்தப் படை அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் வெள்ளைக்காரர்கள் விசாரித்தது செங்கோட்டைக்குள்தான். அவர்களுக்காகப் புலாபாய் தேசாய் வாதாடினார், நேருவே வக்கீல் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். ஆயுள் தண்டனை கொடுத்தும் அதை நடத்த முடியாமல் விட்டுவிட்டார்கள். நீங்கள் சொன்ன அதே சிப்பாய்க் குடியிருப்பில் ஒன்றை 2019-ல் நேதாஜி அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே சீருடைகளையும் படங்களையும் பார்த்துக்கொண்டே நின்றதில் என் பகல் பாதி போய்விட்டது, போகட்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதால் நுழைவுச்சீட்டு எனக்குப் பல மடங்கு விலை. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து

கிள்ளான் அண்ணா சொன்ன கட்டணம் எங்களுக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்று இந்தியர்களுக்கான கட்டணமே எடுக்கிறார்கள். கவுண்டரில் கேட்டுத்தான் வாங்க வேண்டும், வரிசையில் பேசாமல் நின்றால் வெளிநாட்டுச் சீட்டைக் கிழித்துத் தந்துவிடுவார்கள்.

நாங்கள் விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் மெட்ரோவில் வந்தோம், புது டில்லிக்கு இருபது நிமிடம்தான். செங்கோட்டை வாசலில் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் "இன்றைக்குப் பூட்டு, நான் வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று கதைத்தார். அவருக்குப் பின்னால் சனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் மனுசி அதைக் காட்டி "அவர்கள் எல்லாம் யார்?" என்று கேட்க, ஆள் நழுவிவிட்டார். அவர் காட்டும் இடம் எப்போதும் ஒரு சால்வைக் கடையாகத்தான் இருக்கும்.

கோவைக்காரன்

எல்லோரும் நல்ல மாதத்தில் போயிருக்கிறீர்கள். டிசம்பர் கடைசி, ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பனிமூட்டத்தில் வண்டி மணிக்கணக்கில் தாமதமாகும். காலையில் இறங்க வேண்டிய நாங்கள் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கினோம், அடுத்த வண்டி அதே ராத்திரி. ஆகவே குளிர்காலத்தில் உங்கள் பகலைப் பாதியாக நினைத்தே திட்டம் போடுங்கள். ஒரே இடம் போதும். நாங்கள் சாந்தினி சவுக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். அங்கே பகலில் மோட்டார் வண்டி கிடையாது, நடக்கலாம், இல்லையென்றால் சைக்கிள் ரிக்‌ஷா. காரீ பாவ்லி மசாலா மண்டிப் பக்கம் போனால் மிளகாய் நெடியில் மூட்டை தூக்குகிறவரும் தும்முகிறார், வாங்க வந்தவரும் தும்முகிறார்.

குளிருக்கு ஒரு லாபமும் உண்டு. தௌலத் கி சாட் என்று பால் நுரையை மலைபோலக் குவித்து, மேலே குங்குமப்பூ நிறம் காட்டி, தொன்னையில் அள்ளிக் கொடுப்பார்கள். கோடையில் கிடைக்காது. வாயில் வைத்ததும் இல்லை, இனிப்பு மட்டும் நிற்கிறது. நான் இரண்டாவது தொன்னைக்கு நின்றபோது மனைவி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் டூர் பஸ்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாஷை தெரியாத பெரிய குடும்பத்துக்கு அது தேவைதான். எடுப்பதற்கு முன் கடைகளில் எத்தனை முறை நிறுத்துவீர்கள் என்று கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

சேலத்துப் புதியவர்

ஆறு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பையன்கள். கல்லறை என்று சொன்னதுமே முகம் சுளிக்கிறார்கள். எங்கே கூட்டிப்போவது?

கரோல்பாக்வாசி

சாணக்கியபுரி ரயில் மியூசியம். உட்கார்ந்து போகப் பொம்மை ரயில் உண்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பட்டியாலா சமஸ்தானத்து ரயிலும் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். அக்‌ஷர்தாமுக்கு அன்றைக்கே போக வேண்டாம். போனை எல்லாம் வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போய் வரவே அரை நாள் ஆகிவிடும்.