அமெரிக்க டவுன்ஷிப்னா ஊரா, இல்ல வெறும் எல்லைக்கோடா?

கேள்வி: அயோவா பக்கம் ஒரு டவுன்ஷிப்போட சென்சஸ் கணக்கு பாத்தேன், பரப்பு 36 சதுர மைல், ஆளுங்க சில நூறு பேர்தான். மேப்ல பாத்தா சதுரம் சதுரமா வயல்தான் இருக்கு, ஊரே காணோமே?

பதில் 1: அது நம்ம ஊர் கிராமம் மாதிரி இல்லங்க. 1785ல வந்த நிலச் சட்டப்படி 6 மைலுக்கு 6 மைல்னு அளந்து, அதை 36 செக்‌ஷனா பிரிச்சாங்க, ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதுல 16ஆவது செக்‌ஷன ஸ்கூலுக்குன்னே ஒதுக்கினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

பதில் 2: அங்க ரோட்ல போனா நல்லா தெரியும், மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு வரும், நேரா வடக்க போயிட்டே இருக்கும்போது ரோடு சட்டுனு பக்கவாட்டுல ஒதுங்கி மறுபடி நேராகும். பூமி உருண்டைங்கறதால வடக்க போகப்போக தெற்கு-வடக்கா போற எல்லைக்கோடுங்க நெருங்கும்ல, அதை சரிகட்டத்தான்.

பதில் 3: ஆள் குறைஞ்சதுக்கு டிராக்டர்தாங்க முக்கிய காரணம். முன்னாடி பல குடும்பம் பாத்த நிலத்தை இப்ப ஒரே குடும்பம் மெஷின வெச்சு பாக்குது, பிள்ளைங்க படிச்சுட்டு சிட்டிக்குப் போயிடுறாங்க. நிலம் சும்மா கிடக்கல, மக்காச்சோளமும் சோயாவும் விளைஞ்சுட்டேதான் இருக்கு.