சோழவந்தான் வீட்டில் பழைய சேலை, பீரோ, ஊஞ்சல்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். சோழவந்தான் பக்கம் எங்கள் அப்பத்தா வீடு, முற்றம் வைத்த ஓட்டு வீடு, அப்பத்தா போன பிறகு பூட்டியே கிடந்தது. பங்காளிகள் கூடிப் பேசி விற்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அதுவே பெரிய விஷயம். பட்டாசாலையையும் உள்ளறையையும் அப்படியே விட்டு, இருக்கிற சாமான்களை ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. தேக்கு பீரோ, பித்தளைச் சங்கிலி ஊஞ்சல், ரசம் போய்ப் புள்ளி விழுந்த பெல்ஜியம் கண்ணாடி இருக்கின்றன. டிரங்குப் பெட்டிக்குள் அப்பத்தாவுடைய மாமியாரின் அரக்குக் கலர் கூறைப்பட்டு, அப்பத்தா கட்டிய சுங்குடிச் சேலைகள், தாத்தாவின் கறுப்புக் கம்பளிக் கோட்டு.

பட்டை விரித்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கிழிந்திருக்கிறது. முந்தானை ஜரிகை கறுத்துவிட்டது, ஓர் இடத்தில் மட்டும் ஜரிகை உரிந்து உள்ளே சிவப்பு நூல் தெரிகிறது. கோட்டுக் காலரில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள்.

சித்தப்பா, "கிழிஞ்ச பட்டை வச்சு என்ன செய்யப்போற, பழைய பட்டு எடுக்கிறவங்ககிட்டப் போட்டுட்டு அந்தக் காசுல மரச் சாமானுக்கெல்லாம் பாலிஷ் போட்ருவோம்" என்கிறார். அவருக்கும் வீட்டின் மேல் அக்கறைதான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் எங்கிருந்து ஆரம்பிக்க?

தறிவீடு:

பழைய துணிகளைப் பாதுகாக்கிற வேலையில் இருக்கிறேன் தங்கச்சி. முதல் வேலை, அந்தப் பட்டை யாரிடமும் போட்டுவிடாதீர்கள். ஜரிகைக்குள் சிவப்பு நூல் தெரிகிறது என்றால் பெரும்பாலும் அது அசல் ஜரிகை: சாயம் போட்ட பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வாங்குகிறவர்கள் சேலையைப் பார்த்து வாங்குவதில்லை, அதை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். கறுத்திருப்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் பட்டதால். அதற்காகப் புளி, பற்பசை என்று எதையும் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இருக்கிற கொஞ்ச முலாமும் போய்விடும். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

மடிப்பில் கிழிவதற்குக் காரணம் ஒரே இடத்தில் வருடக்கணக்காக மடிந்து கிடந்தது, ஜரிகையின் கனம் வேறு. இனி அதைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம், உதறவும் வேண்டாம். கஞ்சியும் நீலமும் போடாத மல் துணியைப் பல தடவை அலசிக் காயவைத்து, அதைச் சுருட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் திண்டு மாதிரி வையுங்கள். மடிப்பு கூர்மையாக விழக்கூடாது, அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கிற சுங்குடிகளை மல் சுற்றிய கனமான குழாயில் சுருட்டியே வைக்கலாம். கஞ்சி போட்ட துணி என்றால் ராமபாணப் பூச்சி தேடி வரும், அதனால்தான் கஞ்சி வேண்டாம் என்கிறேன். செய்தித்தாளில் பொதிவது, ரப்பர் பேண்டு போடுவது, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. டிரங்குப் பெட்டியின் துருவும் மர பீரோவின் அமிலமும் துணியில் கறையாக இறங்கும், அதனால் நடுவில் எப்போதும் மல் துணி இருக்க வேண்டும்.

கோட்டில் ஓட்டை என்றால் கம்பளியைத் தின்கிற புழு. அந்துருண்டை போட்டு மூச்சை அடைக்க வேண்டாம். கோட்டைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு குளிர் முழுக்க விடும்வரை பையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், முன்னாலேயே பிரித்தால் துணியில் நீர் கோத்துவிடும். அப்புறம் வசம்பு, காய்ந்த வேப்பிலை. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் வசம்பு, மிளகு, கிராம்பு, கருஞ்சீரகம், பட்டை, கற்பூரம் சேர்த்த பொடி முடிச்சுகளைச் சுவடிகளுக்கு வைக்கிற வழக்கம் உண்டு. பொடி துணியில் நேராகப் படாமல் முடிச்சாகவே வையுங்கள், வாசனை போனதும் மாற்றுங்கள்.

காரைக்குடி மரவேலை:

பீரோவுக்கு இப்போதைக்குப் பாலிஷே வேண்டாம். பழைய பீரோக்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் அரக்குக் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பிரெஞ்சு பாலிஷ். இன்றைக்கு வருகிறவர் முதலில் மெஷின் வைத்துச் சுரண்டுவார், மேலே பளபளவென்று ஏதாவது அடிப்பார், பீரோ ஷோரூம் சாமான் மாதிரி ஆகிவிடும். கைப்பிடியைச் சுற்றி மரம் கறுத்து வழுவழுப்பாக இருக்குமே, உங்கள் அப்பத்தா கை தினமும் பட்ட இடம் அது, சுரண்டினால் முதலில் போவது அதுதான். உலர்ந்த மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும், ரொம்ப வறண்டிருந்தால் கொஞ்சம் தேன்மெழுகு.

பீரோவை நகர்த்திப் பின்பலகையைப் பாருங்கள். முகப்பில் நல்ல தேக்கு வைரத்தை, அதாவது உறுதியான நடுமரத்தைப் போட்டு, பின்னால் சாதாரண மரமோ பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியோ போடுவது வழக்கம், மரத்தைத் துளைக்கிற செல்லுப் பூச்சி அங்கேதான் விழும். தரையில் மாவு மாதிரி புதிதாக உதிர்ந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பழைய ஓட்டை மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் பயமில்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்கு அடியில் கல் வைத்து நிறுத்துங்கள், கரையான் ஏறினால் கண்ணில் படும்.

கண்ணாடிக்கு ரசம் புதிதாகப் பூச வேண்டாம். அதன் மேல் எதையும் ஸ்பிரே அடிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கிப் பின்னாலுள்ள ரசத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று. சாமான் இருக்கிற செய்தி பரவினால் வீட்டு வாசலுக்கே வியாபாரி வருவார். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் போய்ப் பாருங்கள், செட்டிநாட்டு வீட்டுத் தூண், கதவு, பர்மா தேக்குப் பெட்டி, எனாமல் அடுக்கு எல்லாம் குவிந்திருக்கும். எந்த வீட்டுத் தூண் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. எனக்கு அதைப் பார்க்கிற போதெல்லாம் வயிறு எரியும்.

தல்லாகுளத்தான்:

காரைக்குடி அண்ணன் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கும் முக்கியமாகப் படுகிறது. மல் துணி வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கு தங்கச்சி.

நம்ம மதுரை காந்தி மியூசியத்தை எடுத்துக்கொள். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது, 1959 ஏப்ரல் 15இல் நேரு திறந்து வைத்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அவர் சட்டையையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22, அதுவும் நம் மேலமாசி வீதி வீட்டில்தான். துணியாகப் பார்த்தால் அது வெறும் வெள்ளைக் கதர், அந்தக் காலத்தில் அதைப்போல எத்தனையோ பேர் உடுத்தியிருப்பார்கள். யார் உடுத்தியது, எந்த நாளில், அதன்பின் யார் கையில் இருந்தது என்பது தெரிந்திருப்பதால்தான் அதன் முன்னால் போய் நின்றதும் நமக்குப் பேச்சு நின்றுபோகிறது. அந்தத் தகவல் தொலைந்திருந்தால் அது கறை படிந்த பழந்துணி, அவ்வளவே.

அதனால் முதலில் அப்பத்தாவோடு பழகிய வயசாளிகள் யார் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய் உட்கார். அந்தக் கூறை யாருடைய கல்யாணத்துக்கு எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது, கோட்டை தாத்தா எங்கே போகும்போது போட்டார், ஊஞ்சலில் யார் உட்காரலாம் யார் உட்காரக் கூடாது என்று வீட்டில் வழக்கம் இருந்ததா, எல்லாவற்றையும் கேட்டு எழுது. பேச்சைப் போனிலும் பதிவு செய். பொருளை நகர்த்துவதற்கு முன்னால் அது இருந்த இடத்திலேயே படம் எடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடு, துணிக்கு வெள்ளை நாடாவில் பென்சிலால் எழுதி ஓரத்தில் இரண்டு தையல் போட்டுவிடு. பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.

மேலூர்க்காரன்:

எல்லாம் சரிதான், ஆனால் இதையெல்லாம் இன்னும் இருபது வருடம் கழித்து யார் பார்ப்பார்கள்? பேசாமல் ஒரு நல்ல மியூசியத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே ஆள் இருக்கிறது, பூட்டு இருக்கிறது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் பொருள்களைப் பாதுகாக்கவே 1930இல் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். உங்களால் வீட்டில் அதைச் செய்ய முடியுமா?

தல்லாகுளத்தான்:

பார்க்க ஆளே இல்லை என்கிற நிலை வந்தால் கொடுக்கத்தான் வேண்டும் மேலூராரே, மறுக்கவில்லை. அதுவும் எழுத்து மூலமாக, பட்டியலோடு. ஆனால் பீரோ அந்த உள்ளறையில் நிற்பது வேறு, எங்கோ ஒரு ஹாலில் நிற்பது வேறு. திருமலை நாயக்கர் மகாலில் தூணைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம், அங்கே எப்படி உட்கார்ந்தார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் கட்டில் அந்த அறையிலேயே கிடக்கிறது, பார்த்ததும் புரிந்துவிடுகிறது. இந்தப் பிள்ளைக்கு வீடும் இருக்கிறது, சாமானும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம் ஐயா.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன், பாலிஷை நிறுத்திவைக்கச் சம்மதித்துவிட்டார், பட்டும் வீட்டிலேயே இருக்கும். அப்பத்தாவின் நாத்தனார் ஒருவர் வாடிப்பட்டியில் இருக்கிறார், இந்த வாரம் போகிறேன். இரண்டு சந்தேகம். பட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா? ஊஞ்சல் ஆடினால் கிரீச்சிடுகிறது, சங்கிலிக்கு எண்ணெய் விடலாமா?

தறிவீடு:

நிரந்தரமாக மாட்ட வேண்டாம். மியூசியங்களில் இந்த மாதிரித் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை, வெளியே நம் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வெளிச்சம் தின்றது திரும்பாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். சுவரில் நல்ல படம் ஒன்றை மாட்டுங்கள். சேலையை வருடத்தில் சில நாள், முற்றத்து வெயில் எட்டாத உள்ளறையில், மேசை மேல் மல் விரித்துக் கிடத்திக் காட்டுங்கள், தொங்கவிடாதீர்கள். ஏசி போடுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பகலில் போட்டு இரவில் அணைத்தால் ஈரப்பதம் ஏறி இறங்கி மரமும் துணியும் கெடும். கனத்த சுண்ணாம்புச் சுவர் அந்த ஏற்ற இறக்கத்தைத் தானே குறைக்கும், அதன் மேல் சிமெண்டோ எனாமல் பெயிண்டோ மட்டும் பூசிவிடாதீர்கள்.

காரைக்குடி மரவேலை:

சங்கிலி முழுக்க எண்ணெய் வேண்டாம், தூசி அப்பும். மேலே கொக்கி உரசுகிற இடத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பலகையில் வடியாமல் கீழே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் யாரையும் ஊஞ்சலில் உட்காரவிடாமல் கொக்கி தேய்ந்திருக்கிறதா, மேலே விட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் புதுக் கொக்கி மாட்டுங்கள், பழையதைத் தூக்கிப் போடாமல் எண் போட்டு நோட்டில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.